மயக்க ஊசி போட்ட பிறகும் உடம்பு உங்களுடையதே

கந்தப்பளையில் ஒருவருக்கு ஒப்பரேஷன் என்றால், பெரும்பாலும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவார்கள். அதற்கும் மேலே என்றால் கண்டி. புறப்படும் முன் வீட்டில் எழும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வலிக்குமா, எத்தனை நாளில் எழும்பலாம், எத்தனை நாள் பேர் போகும், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை: நான் நினைவில்லாமல் கிடக்கும்போது என் உடம்பிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?

ஒப்பரேஷன் தியேட்டருக்குள் வேலை செய்கிற டொக்டர்மாரும் தாதியரும் பெரும்பாலும் பொறுப்போடுதான் நடக்கிறார்கள். ஆனாலும் சிலர் எல்லை மீறியது பல நாடுகளில் நீதிமன்றம் வரை போய் நிரூபணமாகியிருக்கிறது. மயங்கிக் கிடப்பவரால் மறுக்கவும் முடியாது, பிறகு சாட்சி சொல்லவும் பெரும்பாலும் முடியாது. அதனால் அவருடைய பாதுகாப்பை ஊசி போடுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

மயக்கம் மூன்று வகை

முதலாவது, முழு மயக்கம். நினைவு அறவே போய்விடும். மூச்சைக்கூடக் குழாயும் இயந்திரமும் கவனிக்கும். இரண்டாவது, அரை மயக்கம். கமரா குழாயை விட்டு வயிற்றையோ குடலையோ பார்க்கும் பரிசோதனைகளுக்கு இதைக் கொடுப்பார்கள். கூப்பிட்டால் கண் திறக்கலாம், பதிலும் சொல்லலாம். ஆனால் மிடசோலம் போன்ற மருந்துகள் அந்த நேரத்து நினைவைப் பெரும்பாலும் பதியவிடாது. மூன்றாவது, முதுகுத்தண்டில் போடும் ஊசி. இடுப்புக்குக் கீழே விறைத்துப்போகும், மனம் முழு விழிப்பில் இருக்கும். சிசேரியன் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது வகையில் தாய்க்கு எல்லாமே காதில் விழும். "தோட்டத்து ஆட்கள் இப்படித்தான்" என்று திரைக்கு அந்தப் பக்கம் யாராவது சொன்னால், அது சிங்களத்தில் சொல்லப்பட்டாலும் அவருக்கு விளங்கும். முழு மயக்கத்திலும் மிக அபூர்வமாக நினைவு திரும்புவதுண்டு. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014இல் வெளியான பெரிய ஆய்வு, ஏறக்குறைய 19,000 முழு மயக்கங்களுக்கு ஒன்று என்ற அளவில் நோயாளிகள் இப்படி நடந்ததாகச் சொல்லியிருப்பதைக் காட்டியது. முழு மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் அது சுமார் 670க்கு ஒன்று. ஆகவே நோயாளிக்கு ஒன்றும் கேட்காது என்று நினைத்துப் பேசுவது மருத்துவ ரீதியாகவும் பிழை.

எது வழமை, எது தவறு

தெரியாததால் வரும் பயத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். தியேட்டரில் உடுப்பைக் கழற்றி ஆஸ்பத்திரி உடுப்புப் போடுவார்கள். தாலி, மூக்குத்தி, காப்பு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். வெட்டும் இடத்தில் முடி அகற்றி மருந்து பூசுவார்கள். கையைப் பலகையில் கட்டுவார்கள். சலம் போகக் குழாய் போடுவார்கள். இவை எல்லாம் சிகிச்சையின் பகுதி. வேலைக்கிடையே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் குற்றமில்லை.

தவறு என்பவை இவை: நோயாளியின் உடம்பையோ சாதியையோ இனத்தையோ கேலி செய்வது, தேவையில்லாமல் உடம்பைத் திறந்து போட்டு வைப்பது, சொந்த ஃபோனில் படம் எடுப்பது, சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத இடத்தைத் தொடுவது, மாணவர்கள் பழகுவதற்காக, கேட்காமல் அந்தரங்கப் பரிசோதனை செய்வது, சம்மதம் கொடுக்காத இன்னொரு சிகிச்சையைச் சேர்த்துச் செய்வது, நடக்காததை நடந்ததாகப் பதிவில் எழுதுவது.

வெளியே வந்தது எப்படி?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2013இல் ஒருவர் குடல் பரிசோதனைக்குப் போனார். டொக்டர் சொல்லும் அறிவுரைகளை மறக்காமல் இருக்க ஃபோனில் பதிவை ஓட விட்டிருந்தார். அந்த ஃபோன் அவருடைய உடுப்போடு தியேட்டருக்குள் போய்விட்டது. வீடு திரும்பும் வழியில் கேட்டபோது, மயக்க மருந்து கொடுத்த டொக்டர் தன்னைக் கேவலமாகப் பேசியதும், இல்லாத மூலநோயை இருப்பதாகப் பதிவில் எழுதியதும் அதில் இருந்தன. 2015இல் ஜூரிகள் அவருக்கு 5 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கச் சொன்னார்கள்.

பிரித்தானியாவின் பர்மிங்ஹாமில் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் 2013இல் இரண்டு நோயாளிகளின் ஈரலில் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டுப் பதித்தார். அவர்களில் ஒருவருக்கு மீண்டும் ஒப்பரேஷன் செய்த இன்னொரு டொக்டர் அதைக் கண்டார். 2018இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. 2022இல் மருத்துவர் பதிவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

கனடாவின் ரொறன்ரோவில் நடந்தது இவற்றைவிடக் கொடியது. மயக்க மருந்து நிபுணர் ஒருவர், ஒப்பரேஷன் திரைக்கு மறைவில், தலைமாட்டில் நின்றபடி, அரை மயக்கத்தில் இருந்த 21 பெண்களிடம் பாலியல் குற்றம் செய்ததாக 2013இல் தீர்ப்பு வந்தது. பத்து வருடச் சிறை. அந்தப் பெண்கள் கண்டது மருந்தால் வந்த கனவு என்பதே எதிர்த்தரப்பு வாதம். சில மயக்க மருந்துகளால் அப்படிக் கனவு வருவது உண்மைதான். ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேர் ஒரே விதமாகச் சொன்னபோது அந்த வாதம் நிற்கவில்லை.

இதனால்தான் மயக்கத்தில் உள்ளவரோடு ஒருவரைத் தனியே விடக்கூடாது, பெண் நோயாளி என்றால் இன்னொரு பெண் ஊழியர் உடனிருக்க வேண்டும் என்கிறார்கள். இது நோயாளிக்கும் காவல், நேர்மையான டொக்டருக்கும் காவல்.

கையெழுத்து எதுவரை செல்லும்?

டெல்லியில் 1995இல் சமீரா கோலி என்ற பெண், கமரா குழாயால் வயிற்றைப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கொடுத்து முழு மயக்கத்தில் கிடந்தார். டொக்டர் இடையில் வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, மகளுடைய கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஜனவரி 16இல் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. வயது வந்த, சுயபுத்தியுள்ள ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருப்பதால் தாயார் அவருக்காகச் சம்மதிக்க முடியாது. அவர் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உயிர் போகும் அவசரம் மட்டுமே விலக்கு. இது இந்தியத் தீர்ப்பு, இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதற்குச் சம்மதம் கொடுத்தோமோ அதற்கு மட்டும்தான் அது செல்லும் என்பது மருத்துவ ஒழுக்கத்தின் பொது விதி.

மலையகத்துக்கு இந்த விதி எங்கோ நடந்த கதை இல்லை. எல்.ஆர்.டி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் கருத்தடை ஒப்பரேஷன், தோட்டப் பெண்களிடம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக நடந்து வந்திருக்கிறது. 1980களில் அதைச் செய்துகொண்டவர்களுக்கு அரசு 500 ரூபாய் வரை கொடுத்தது. அன்றைய தோட்டச் சம்பளத்தில் அது பெரிய காசு. விரும்பிச் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர். சரியாக விளக்காமல், வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். மகப்பேற்று மருத்துவர்களின் சர்வதேசச் சம்மேளனம் 2011இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிரசவ வலியில் இருப்பவரிடம் கருத்தடைக்குச் சம்மதம் கேட்கக்கூடாது. சிசேரியனோடு சேர்த்து எல்.ஆர்.டி. செய்வதென்றால் கிளினிக் நாட்களிலேயே பேசி, யோசிக்க நேரம் கொடுத்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் மனம் மாறினால் கடைசி நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம்.

சந்தேகம் மட்டும் போதாது

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019 மே மாதம், டொக்டர் ஒருவர், சிசேரியனுக்கு வந்த ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு பத்திரிகை செய்தி போட்டது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின்னான முஸ்லிம் வெறுப்பு நாட்டில் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. குருநாகல் வைத்தியசாலை டொக்டர் ஷாஃபி ஷிஹாப்தீனைக் கைது செய்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பின்னர் அவர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். கிடைத்த சம்பள நிலுவையை மருந்து வாங்கக் கொடுத்தார்.

மூடிய அறைக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்பது குற்றவாளிக்கு மறைவிடமாகிறது. அதே காரணத்தால் வதந்தியும் சுலபமாக எடுபடுகிறது. இரண்டையும் தடுப்பது ஒழுங்கான பதிவும் உடனிருக்கும் சாட்சியும்தான்.

போகும் முன்பும் வந்த பின்பும்

கையெழுத்துப் போடும் முன் தயங்காமல் கேளுங்கள்: "மிஸ், இந்த ஃபோமில என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க." 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. தமிழில் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லலாம். வெற்றுத் தாளிலோ பாதி நிரப்பிய ஃபோமிலோ கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னும் நான்கு கேள்விகள்: என்ன செய்யப் போகிறீர்கள்? எந்த வகை மயக்கம்? உள்ளே பெண் ஊழியர் இருப்பாரா? மாணவர்கள் பார்ப்பார்களா, தொடுவார்களா? மாணவர்கள் வேண்டாம் என்றால் அதை ஃபோமில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்டை வாங்கி, அன்றைக்கே ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். தோட்டத்து மிட்வைஃபிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ காட்டி, செய்தது என்ன என்று வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சம்மதித்ததற்கு மேல் ஏதாவது எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஏதோ தவறு நடந்ததாக மனதில் பட்டால், நினைவிருப்பதைத் திகதி, நேரம், அங்கே இருந்தவர்கள் என்று உடனே எழுதி வையுங்கள். கனவாக இருக்குமோ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். அதை விசாரிப்பது மற்றவர்களின் வேலை. பாலியல் குற்றம் என்று சந்தேகித்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் பொலிசுக்குப் போங்கள். மருந்து கொடுத்து மயக்கப்பட்டவரிடம் பெற்ற சம்மதத்தை இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை சம்மதமாக ஏற்பதில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மற்ற முறைப்பாடுகளை முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டொக்டரின் ஒழுக்கம் பற்றியது என்றால் கொழும்பிலுள்ள இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப்படுத்தல் சபை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்வது முக்கியம். உச்ச நீதிமன்றம் போக அரசியலமைப்பு கொடுக்கும் காலம் ஒரு மாதம்தான். ஆணைக்குழுவில் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

கடைசியாக, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு. 2022 ஜூலையில் பிரேசிலின் ரியோ மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மயக்க மருந்து டொக்டர் ஒருவர் தாய்மாருக்குத் தேவைக்கு மேல் மருந்து கொடுப்பதை அங்கிருந்த தாதியரும் ஊழியர்களும் கவனித்தார்கள். அலுமாரிக்குள் ஒரு ஃபோனை மறைத்து வைத்துப் படமெடுத்தார்கள். சிசேரியன் மேசையில் கிடந்த பெண்ணிடம் அவர் செய்த பாலியல் வன்முறை அதில் பதிவாகி, அவர் கைதானார். அந்தப் பெண்ணால் செய்ய முடியாததை அந்த ஊழியர்கள் செய்தார்கள். இன்று நம் தோட்டப் பிள்ளைகளும் தாதியராகவும் ஊழியர்களாகவும் தியேட்டருக்குள் நிற்கிறார்கள். மேசையில் கிடப்பவர் மறுபடி பேசத் தொடங்கும்வரை அவருக்காகப் பேச வேண்டியவர்கள் நீங்கள். கேலியோ மீறலோ கண்டால் அந்த இடத்திலேயே தடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.