புல்லில் இடும் தீயும் பூமியின் வளமும்

மாசி, பங்குனி மாதங்களில் மலையடிவாரக் கிராமங்களில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் உண்டு. எரிந்த இடத்தில் மழை பெய்ததும் இளம்புல் துளிர்க்கும். கால்நடைகள் அதை விரும்பி மேயும். ஆகவே தீயினால் நிலம் வளம் பெறுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வோம்.

புல் எரியும்போது அதிலுள்ள சத்துக்கள் எல்லாம் ஒரே வழியில் செல்வதில்லை. சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து, மணிச்சத்து ஆகியவை பெரும்பாலும் சாம்பலில் தங்கிவிடுகின்றன. தழைச்சத்தோ ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்குகிறது. புல்தீயின் வெப்பம் இதனினும் மிகுதி. ஆதலால் எரிந்த புல்லிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது.

சாம்பல் கார இயல்புடையது. அது மழைநீரில் கரைந்து மேல்மண்ணில் இறங்கி, மண்ணின் அமிலத் தன்மையைக் குறைக்கிறது. மண் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. புல்தீயும் விரைவில் கடந்து விடுகிறது. எனவே இரண்டு அங்குல ஆழத்தில் வெப்பம் சிறிதளவே ஏறுகிறது. வேர்கள் பிழைத்துக் கொள்கின்றன. காய்ந்த புல்லின் மறைப்பு நீங்கித் தரையில் வெயில் படுவதும், சாம்பலின் சத்தும் சேர்ந்தே அந்தப் பசுந்துளிரைத் தருகின்றன. ஆனால் இது ஒரு பருவத்து வரவே ஆகும். சரிவான நிலமாயின், முதற் கோடை மழையே சாம்பலை அடித்துச் சென்றுவிடக் கூடும்.

எப்போதோ ஒருமுறை நேரும் தீயினால் நிலம் கெட்டுவிடாது. ஆண்டுதோறும் தீ வைத்தால் நிகழ்வது வேறு. மண்ணில் சேரவேண்டிய சருகு சேராமையால் மக்குக் குறைகிறது. மக்குக் குறைந்த மண் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மழைத்துளி வெறுந்தரையை நேராகத் தாக்குவதால் மேற்பரப்பு இறுகுகிறது. நீர் உட்புகாமல் ஓடுகிறது. ஓடும் நீர் மண்ணை அரித்துச் சென்று ஏரி குளங்களைத் தூர்க்கிறது.

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவில் 1954-ஆம் ஆண்டு முதல், எரிக்கும் பாத்திகளையும் எரிக்காத பாத்திகளையும் ஒப்பிட்டு வருகின்றனர். உலகின் பல பகுதிகளிலுள்ள 48 இடங்களின் முடிவுகளைத் தொகுத்த ஆராய்ச்சி ஒன்று 2018-இல் வெளியாயிற்று. தீயினின்று காக்கப்பட்ட நிலத்தைவிட, அடிக்கடி எரிந்த நிலத்தின் மேல்மண்ணில் 64 ஆண்டுகளில் கரிமச்சத்து 36 சதவிகிதமும் தழைச்சத்து 38 சதவிகிதமும் குறைந்துவிடுவதாக அது காட்டியது. மரங்கள் பரவிய வெப்பமண்டலப் புல்வெளிகளில் இவ்விழப்பு மிகுதியாக இருந்தது. வட்டியைச் செலவிடுவதாக எண்ணி முதலையே கரைக்கும் குடும்பத்தின் நிலையே இது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? புல் முற்றிக் காயும் முன்னரே அறுத்துப் போர் போட்டு வைக்கலாம். மேய்ச்சல் தரையைப் பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து மேய்க்கலாம். முயல் மசால் போன்ற பயறுவகைத் தீவனத்தை விதைத்தால், அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். சரிவுகளில் சமஉயர வரப்புகள் போடலாம். கோடைக்கு முன்னரே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதைப் பஞ்சாயத்து தன் பொறுப்பாகக் கொள்ளலாம். காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

மேய்ச்சல் தரை ஊரின் பொதுச் சொத்து. ஒருவர் கிழிக்கும் தீக்குச்சியால் குறைவது ஊரார் அனைவருடைய மண்ணின் வளம். இதனை உணர்ந்து, வருகிற கோடைக்கு முன்பே நம் கிராம சபையில் இதுபற்றிப் பேசி முடிவு செய்வோமாக.