மூலைமட்டத்துக்கு அடங்காத வார்த்தைகள்

நம்ம ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள், 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வேதாசலம் என்ற தன் பெயரையே பிரித்தார். வேதம் மறை, அசலம் மலை. நண்பர்களே, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நம்மை மிரட்டும் ஆங்கில வார்த்தைகளையும் அப்படிக் கழற்றிப் பார்த்தால் என்ன?

லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேர்க்கோல், நம்ம ஸ்டீல் ரூல் மாதிரி. அதோடு ஒட்டாதது 'இர்ரெகுலர்'. 'நார்மா' தச்சரின் மூலைமட்டம். அதாங்க, ஃபிட்டிங் ஷாப்பில் நாம் பிடிக்கும் ட்ரை ஸ்கொயர். அதைவிட்டு விலகினால் 'அப்நார்மல்', மிஞ்சினால் 'எனார்மஸ்'. 'எக்ஸென்ட்ரிக்' கிரேக்கம், மையத்துக்கு வெளியே என்று பொருள். நாலு தாடை சக்கில் ஜாபைத் தள்ளிப் பிடித்துக் கடைந்தவருக்கு இதற்கு அகராதியே வேண்டாம். விசித்திரமான ஆளையும் ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்றாங்க. 'டெலிரியம்' மட்டும் வயலில் பிறந்தது: உழவுச்சாலை விட்டு விலகிய ஏர். காய்ச்சலில் பிதற்றுவதற்கு இப்படி ஒரு பெயர்! நாமும் 'கோணல் புத்தி' என்கிறோமே.

இது பரீட்சைக்கு மட்டுமில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்' என்று பார்த்ததும் வீட்டில் அழ ஆரம்பிச்சிடறாங்க. குறித்த அளவுக்கு வெளியே என்பதைத் தவிர அந்த வார்த்தை வேறெதுவும் சொல்லாது. மீதியை எண்ணைப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். 25 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் கூடக் குறைய 0.05 என்று வையுங்கள். 25.06 வந்தாலும் ரிஜெக்ட், 24.94 வந்தாலும் ரிஜெக்ட். ஆனா முன்னதை மறுபடி லேத்தில் ஏற்றிச் சரிபண்ணலாம், பின்னது ஸ்கிராப்.