ஒயர் மாறினால் பாட்டு மாறுமா?



வீட்டில் ஸ்டீரியோ செட் வைத்திருப்பவர்கள் நம் பள்ளியிலேயே பலர் இருக்கிறீர்கள். ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால் ஒட்டடையோடு கிடக்கும். ஆனால் அந்த ஒயரை மாற்றினாலே பாட்டு வேற மாதிரி கேட்கும் என்று சொல்லி, மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை வைத்தும் விற்கிறார்கள். இது உண்மையா, சும்மா கதையா?

எங்கள் வீட்டில் இது ஒரு சண்டையாகவே ஆகிவிட்டது. என் மாமா அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். பாட்டு என்றால் உயிர். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். அதற்கப்புறம் போன வேறொரு கடையில், "ஒயரை மட்டும் மாத்துங்க சார், பேஸ் அப்படியே எழும்பி வரும்" என்று ஒரு கேபிளைக் காட்டினார்களாம். விலை 8,000 ரூபாய்! அத்தைக்கு வந்ததே கோபம். "பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், உங்களுக்கு ஒயர் கேக்குதா?" என்றார். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீ சயின்ஸ் குரூப்புதானே, நீயே சொல்லு" என்றார்கள்.

பதில் பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே இருக்கிறது. நம்ம ஓம் விதிதான்! ஒயர் ஒரு மின்தடை, ஸ்பீக்கர் இன்னொரு மின்தடை. இரண்டும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஆம்ப்ளிபயர் தரும் மின்னழுத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒயர் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு ஸ்பீக்கருக்குக் குறையும்.

1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. மாமா வீட்டில் இருந்தது காலிங் பெல்லுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய ஒயர், 0.2 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். வாசற்படியைச் சுற்றிக்கொண்டு போனதால் 10 மீட்டர் நீளம். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். கணக்குப் போட்டால் 1.7 ஓம் வருகிறது. ஸ்பீக்கர் 8 ஓம். அப்படியென்றால் மின்னழுத்தத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஒயரே சாப்பிட்டுவிடுகிறது!

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லா சுரத்துக்கும் அது 8 ஓம் இல்லை. ஓர் இடத்தில் 6 ஆக இறங்கும், பேஸ் பக்கம் ஓர் இடத்தில் 30 வரைகூட ஏறும். 6 ஓம் இருக்கும் இடத்தில் மெல்லிய ஒயர் 22 சதவீதம் தின்கிறது, 30 ஓம் இருக்கும் இடத்தில் 5 சதவீதம்தான். அதனால் சத்தம் குறைவதோடு, சில சுரங்கள் மட்டும் கூடுதலாக அமுங்கிப் பாட்டின் குணமே கொஞ்சம் மாறும். ஆக, ஒயரை மாத்தணும் என்று மாமா சொன்னதில் தப்பில்லை.

ஆனால் எதற்கு மாற்றுவது? வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரைப் போட்டால் மின்தடை 0.23 ஓம், இழப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 8,000 ரூபாய் கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர், இழப்பு 1.7 சதவீதம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.1 டெசிபல். சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது 1 டெசிபலுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆக்சிஜன் நீக்கிய தாமிரம், வெள்ளி என்றெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். வெள்ளியின் மின்தடை தாமிரத்தைவிட 5 அல்லது 6 சதவீதம்தான் குறைவு. ஒயரைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினாலே அந்த லாபம் கிடைத்துவிடும்.

கணக்கு சொன்னால் மாமா கேட்பாரா? "காது சொல்றதுதான் கணக்கு" என்றார். சரி, காதையே கேட்போம் என்று அவருடைய நண்பரிடம் அதே கேபிளை இரவல் வாங்கினோம். செட்டுக்கு முன்னால் போர்வையைக் கட்டி மறைத்தேன். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் விலை ஒயர், பூ விழுந்தால் சாதா ஒயர். வால்யூமைத் தொடவே இல்லை. ஒரே நாதஸ்வர சி.டி., 20 தடவை. மாமா சரியாகச் சொன்னது 11. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பத்து பக்கம் வரும்! இதில் வேடிக்கை என்னவென்றால், நாணயம் அதே பக்கம் விழுந்து நான் ஒயரை மாற்றாத ஒரு தடவை, "பாத்தியா, இப்ப தவில் தனியா கேக்குது" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் போர்வையே கீழே விழுந்துவிட்டது. மாமா பொய் சொல்லவில்லை. புதிதாக ஒன்று இருக்கிறது என்று மனசு எதிர்பார்த்தால் காது அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு என்று 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திர வித்தைக்காரர் சவால் விட்டார். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

சரி, ஒயர் உண்மையாகவே பெரிய பிரச்சினை ஆகும் இடம் எது தெரியுமா? நம்ம ஊர் மலைதான்! ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கீழே இருக்கும் மைக்கிலிருந்து 150 மீட்டர் தள்ளி, படிக்கட்டு ஓரத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 300 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டாலும் 3.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 30 சதவீதம் ஒயரிலேயே சூடாகப் போய்விடும். இதற்கு மைக் செட் அண்ணன்கள் விலை உயர்ந்த ஒயரைத் தேடுவதில்லை. ஆம்ப்ளிபயரின் பின்னால் 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும், அதிலிருந்து இழுப்பார்கள். ஒவ்வொரு கூம்போடும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். அப்போது 20 வாட் கூம்பு ஒன்று 500 ஓம் போல நடந்துகொள்ளும். 500க்கு முன்னால் 3.4 எம்மாத்திரம்? ஒரு சதவீதம்கூட இல்லை. பத்துக் கூம்பு சேர்த்தாலும் இழப்பு 6 சதவீதம் பக்கம்தான். மின்வாரியம் கரண்டை உயர் மின்னழுத்தத்தில் தூரத்துக்குக் கொண்டுபோகிறதே, அதே உத்தி!

மாமா திருத்தணியிலேயே ஒரு எலக்ட்ரிகல் கடையில் 1.5 ஒயர் வாங்கிப் போட்டுவிட்டார். சத்தம் கூடியது அத்தைக்கே தெரிந்தது. நீங்கள் வாங்கும்போது முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியமாக இருக்கலாம், மின்தடை அதிகம். பழைய ஒயர் முனை பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். சி.டி. பிளேயரிலிருந்து வரும் சிக்னல் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரலாம். முக்கியமாக, இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், பாடுபவர் குரலும் நடுவில் நிற்காது. அப்படி இருந்தால் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் முனைகளை மட்டும் மாற்றி மாட்டிப் பாருங்கள்.

– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்