வலியில்லாக் கட்டியும் வாளாவிருத்தலும்

வலி தோன்றின் மருத்துவரை நாடும் நாம், வலியற்ற கட்டியைத் தழும்பென்றெண்ணி ஆண்டுக்கணக்கில் வாளாவிருக்கிறோம். இவ்வியல்பைப் பயன்கொண்டு வளரும் அரிய புற்றுநோய் ஒன்றுண்டு. 1924இல் பிரான்சில் டேரியே, ஃபெரான் ஆகியோர் இதனை விளக்கினர். 1925இல் ஹாஃப்மன் 'டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரோட்டுபரன்ஸ்' எனப் பெயரிட்டார்.

பெரும்பாலும் 20 முதல் 50 வயதினர்க்கு, மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில், தோலின் உட்படலத்தில் தோன்றும் இந்நோய், அடியிலுள்ள கொழுப்பினுள் வேர்போல் மெல்லப் படரும். கண்ணுக்குப் புலப்படுவதினும் மறைந்திருப்பது மிகுதியாகலாம். ஆதலின் மேற்றோலை மட்டும் எடுத்து ஆய்ந்தால் உண்மை தெரியாது. கொழுப்பு வரை ஆழ்ந்தெடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆய்தல் வேண்டும். நீண்டு மெலிந்த உயிரணுக்கள் பாய்ப்பின்னல் போல் அமைந்திருத்தலும், சி.டி.34 என்னும் புரதத்திற்கான சாயச் சோதனையும் நோயை உணர்த்தும். ஐயம் எஞ்சின், 17, 22ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம்மாறி இணைந்துள்ளனவா எனக் காண்பர். படர்ந்த ஆழத்தை எம்.ஆர்.ஐ. படம் காட்டும்.

பிற உறுப்புகளுக்கு இது பரவுதல் அரிது. ஆயின் முற்றும் அகற்றாவிடின் அவ்விடத்திலேயே மீண்டும் முளைக்கும். எனவே முதல் ஆய்வு செம்மையாதல் இன்றியமையாதது.

நோயுற்றால் மருத்துவம் நாடுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வளரும் கட்டியை, வலிக்காவிடினும், மருத்துவரிடம் காட்டுவோமாக!