அபாய அறிவிப்பும் சைகை மொழியும்

அரசின் அறிவிப்புகளைச் சைகை மொழியில் பெறுவது காது கேளாதோரின் உரிமை என்று சொல்லும்போதெல்லாம், திரையின் அடியில்தான் எழுத்து ஓடுகிறதே, அது போதாதா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. போதாது. பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்குச் சைகை மொழியே முதல் மொழியாக அமையும்போது, தமிழோ ஆங்கிலமோ, ஒலியைக் கேளாமல் எழுத்து வழியாகவே கற்க நேர்ந்த இரண்டாம் மொழியாகிறது; அந்த மொழியில் விரைந்தோடும் வரிகளை, அதுவும் புயலோ தொற்றுநோயோ நெருங்கிவரும் பதற்றத்தில், படித்துப் பொருள் கொள்வது எல்லோருக்கும் இயல்வதில்லை.

சைகை மொழி பேச்சு மொழியின் கைவழி நகல் எனக் கருதுவது பிழை; அதற்குத் தனி இலக்கணம் உண்டு, நாட்டுக்கு நாடு அது வேறுபடும், ஆங்கிலம் பேசும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழங்கும் சைகை மொழிகளே வெவ்வேறானவை. இந்தியச் சைகை மொழியில் ‘என்ன’, ‘எங்கே’ போன்ற வினாச் சைகைகள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘ஆம்’, ‘இல்லை’ என விடை தரத்தக்க வினாவிலோ கைகள் மாறாதிருக்க, உயர்ந்த புருவமே வாக்கியத்தை வினாவாக்கிவிடும். மொழிபெயர்ப்பாளரை முகம் தெரியாத சிறு கட்டத்துக்குள் ஒடுக்கும் தொலைக்காட்சி, அந்த மொழியின் இலக்கணத்தையே வெட்டிவிடுகிறது.

தகுதியற்றவரை நிறுத்தினால் நேர்வது இதைவிடக் கொடுமையானது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, மானட்டி மாவட்டத்தின் அவசரச் செய்தியாளர் சந்திப்பில், காது கேளாத சகோதரர் இருந்ததால் ஓரளவு சைகை அறிந்திருந்த கடற்கரை உயிர்காப்பு ஊழியர் ஒருவர் மஞ்சள் சட்டையுடன் மொழிபெயர்க்க நிறுத்தப்பட்டார். பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் வழியை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு ‘பீட்சா’, ‘கரடி’, ‘அரக்கன்’ எனத் தொடர்பற்ற சைகைகளே கிடைத்தன. அந்த ஊழியரை விட, தேர்ச்சி பெற்றவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத நிர்வாகமே இதற்குப் பொறுப்பு.

பிரிட்டனில் மொழிபெயர்ப்பாளரே இல்லாத குறை நீதிமன்றம் வரை சென்றது. கொரோனா காலத்தில் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அரசின் செய்தியாளர் சந்திப்புகளில் பேசுவோரின் அருகிலேயே மொழிபெயர்ப்பாளர் நின்றார். லண்டனிலோ 2020 செப்டம்பர் 21, அக்டோபர் 12 ஆகிய நாள்களில் நடந்த இரு சந்திப்புகள் எழுத்து வரிகளுடன் மட்டும் ஒளிபரப்பாயின. காது கேளாத பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அவ்விரண்டும் பாகுபாடே என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

இந்தியாவில் சட்டம் முன்பே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் எழுத்து வரிகளும் கிடைக்கச் செய்யும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. 2015இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செவித்திறன் குறைபாடு உள்ள நாட்டில், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மிகச் சிலரே. கேட்டுக்கொண்டே கைகளால் சொல்லும் இவ்வேலையில் கவனம் விரைவில் களைத்துவிடுவதால், இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவது வழக்கம். ஒரு மணி நேர அறிவிப்புக்கே இருவர் வேண்டும்.