செதிலில் ஒட்டிய வெள்ளி

சுபஹுத் தொழுகை முடிந்து நிந்தவூர்க் கடற்கரையில் கரைவலைக் கயிற்றைப் பிடிக்கும்போது கடலுக்கு இன்னும் நிறம் வந்திருக்காது. எங்கும் சாம்பல். மடி கரையை நெருங்க நெருங்க உள்ளே வெளிச்சம் கொதிப்பதுபோல ஒரு துள்ளல். கீரி மீன். மணலில் கொட்டியதும் குவியல் முழுக்க வெள்ளி. கறிக்கு வாங்கும் மீன்தானே என்று இதை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கோ நம் கரையில் இதைவிட அழகான பொருள் வேறில்லை.

வலை இழுத்த பெரியவர் ஒருவரின் முழங்கையில் செதில்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“உட்பக்கத்தத் தேச்சுப் பாருங்க தம்பி, வெள்ளி கையோட வந்திரும்.”

வந்தது. விரல் நுனியில் மினுமினுப்பு. செதிலோ கண்ணாடித் தாள்போலத் தெளிந்து, அதனூடே என் கைரேகை தெரிந்தது.

அந்த மினுக்கத்தில் சாயம் எதுவும் கிடையாது. அது குவானின். நம் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று. அதைத்தான் மீன் மெல்லிய தட்டைப் படிகங்களாக்கித் தோலில் அடுக்கி வைத்திருக்கிறது. படிகத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.8, இடையிலுள்ள உயிரணுத் திரவத்துக்கு 1.33 அளவில். இரண்டும் மாறி மாறி வருவதால் ஒவ்வோர் அடுக்கும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். அடுக்குகளின் தடிப்பு ஒரே சீராக இல்லை. அதனால் எல்லா நிறங்களும் சேர்ந்தே திரும்புகின்றன. கண்ணுக்கு அது வெள்ளி.

கடலுக்குள் இந்த வெள்ளிதான் மீனுக்கு மறைவிடம். சுற்றியுள்ள நீரின் வெளிச்சத்தையே அது திருப்பிக் காட்டுவதால், பக்கத்தில் வரும் சூரைக்குத் தண்ணீர் மட்டுமே தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணப் படிக அடுக்கில் சில கோணங்களில் ஒளி முனைவாக்கம் அடைந்து, பிரதிபலிப்பு மங்கிவிடும். மங்கினால் மீன் அகப்பட்டுவிடும். சாளை, ஹெர்ரிங் மீன்களின் தோலில் இரண்டு வகைக் குவானின் படிகங்கள் கலந்திருப்பதையும், அந்தக் கலப்பே மங்கலைத் தடுப்பதையும் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். நம் கீரியும் சாளைக் குடும்பம்தான்.

பாரிஸில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஜாக்கன் என்ற மணிமாலைத் தொழிலாளி, ஆற்றுமீன் செதிலிலிருந்து கழுவியெடுத்த இதே வெள்ளியைக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலி முத்துச் செய்தார். அவரும் முதலில் விரலைத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குவானின் தண்ணீரில் கரையாது. பகல் சோற்றுக்குக் கை கழுவியபோதும் என் நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளி மிச்சமிருந்தது.