கம்பி கட்டணுமா? கவலை வேண்டாம்!

"என் பொண்ணுக்கு 13 வயசு. சிரிக்கும்போதெல்லாம் கையால வாயை மூடிக்கறா. 'எத்துப்பல்'னு ஸ்கூல்ல கேலியாம். கம்பி கட்டலாம்னா, செலவை நினைச்சாலே பயமா இருக்கு!"

இது பல அம்மாக்களின் கவலை.

எந்த வயதில் கட்டலாம்?

நிலைப்பற்கள் முளைத்து முடியும் 11 முதல் 14 வயது ஏற்ற காலம். ஆனாலும் 7 வயதிலேயே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விரல் சூப்புவதால் வரும் கோளாறு, தாடை வளர்ச்சிக் குறை எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஈறு நன்றாக இருந்தால் பெரியவர்களும் கட்டிக்கொள்ளலாம்.

யாரிடம் போவது?

பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரிடம்.

எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம். நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் காட்டணும். அதுவரை முறுக்கு, சீடை, கடலை மிட்டாய்க்கு 'தடா'!

பணத்துக்கு என்ன செய்வது?

பொதுவாக உலோகக் கம்பிதான் விலை குறைவு. பல் நிறத்துக் கம்பிக்குக் கூடுதலாகும். பல டாக்டர்கள் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். எக்ஸ்ரே, பல் எடுப்பது, கடைசியில் தரும் ரீடெய்னர் எல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செலவு குறைவு. காத்திருக்கப் பொறுமை வேணும்.

கம்பியைக் கழற்றியதும் முடிந்ததா?

அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரீடெய்னரை ஒழுங்காகப் போடாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பலாம். அத்தனை பணமும் வீண்!

பொறுமையாக இருங்கள். உங்கள் பொண்ணும் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பாள்.